தனிவண்டிப் பாலை இயல்

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2004 நவம்பரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, இந்தியாவில் ஓடும் வண்டிகளையெல்லாம் போக்குவரத்து வண்டி, போக்குவரத்தல்லாத வண்டி என்று இரண்டாகப் பகுத்தது. இரண்டாம் பகுப்பில் மோட்டார் சைக்கிள், டிராக்டர், கிரேன், மரக்கிளை வெட்டும் வண்டி ஆகியவற்றோடு ‘சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்’ என்று ஒரு வரியும் இருக்கிறது. வண்டியை வகுத்தார்கள், அதற்குள் படுக்கிறவனை வகுக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைப் போக்கவே இவ்வியல்.

பாயிரம் வருமாறு. எல்லை: வடக்கே அடையாறு, தெற்கே வண்டலூர். வழங்கும் இடம்: அனகாபுத்தூர், 2021 வரை தனி நகராட்சி, இப்போது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி, வாழைநாரில் சேலை நெய்கிற நெசவாளர்களால் பெயர் பெற்றது. நுதலிய பொருள்: வேனுக்குள் பாய் விரித்துக்கொண்டு, துணைக்கு ஆளில்லாமல், புல் முளைக்காத மலைகளுக்குப் போய்வருவோர். கேட்போர்: அவர்தம் மனைவிமார். பயன்: கேட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இவர்களை வண்டியை வைத்துப் பகுப்பார் ஒரு சாரார். ஆம்னியின் பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்தவர் ஒரு வகை. டெம்போ டிராவலரில் சிங்க், இன்வெர்ட்டர், கையடக்கக் கக்கூஸ் எல்லாம் வைத்தவர் ஒரு வகை. தார் ஜீப்பின் தலைமேல் கூடாரம் கட்டி ஏணி வைத்து ஏறுகிறவர் இன்னொரு வகை என்பர். அற்றன்று. என்னை? ஆம்னிக்காரர் போனஸ் வந்ததும் டிராவலர் வாங்குகிறார். டிராவலர்காரர் டீசல் கட்டுப்படியாகாமல் ஆம்னிக்கு இறங்குகிறார். கூடாரக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு லாட்ஜில் படுக்கிறார். ஆண்டுக்கு ஆண்டு மாறுவதை வைத்து இலக்கணம் செய்ய முடியாது. தவிரவும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளபடி அல்லாமல் வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. ஆகவே மேற்சொன்ன வகைகளில் பாதி, ஆர்.டி.ஓ. கண்ணில் படாதவரைதான் வகைகள்.

போகிற ஊரை வைத்துப் பகுப்பாரும் உளர். அதுவும் ஆகாது, எல்லோரும் லடாக்குக்குத்தான் போகிறார்கள். மிஞ்சினால் ஸ்பிதி.

ஒருவன் எதன் பொருட்டு வீட்டைப் பிரிந்தான் என்பதே பகுப்புக்கு அடிப்படை. பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிவு. அதை விட்டுவிட்டு டயர் அளவைப் பார்த்துக்கொண்டிருப்பது தமிழ் படித்தவன் செய்கிற வேலையல்ல.

முதலில் முதற்பொருள். தொல்காப்பியர் நால்வகை நிலம் வகுத்தபோது பாலைக்கென்று நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலையாகும் என்று பிற்பாடு இடம் தேடிக் கொடுத்தவர் இளங்கோவடிகள். அவர் இமயத்தின் அந்தப் பக்கம் போயிருந்தால் திரிபுக்கு அவசியமே இருந்திருக்காது. மழைமேகத்தையெல்லாம் இமயம் தெற்கிலேயே நிறுத்திவிடுவதால், பிறவியிலேயே பாலையாகப் பிறந்த குறிஞ்சி அங்கே இருக்கிறது. லேயின் உயரம் சுமார் 11,500 அடி. ஓர் ஆண்டில் பெய்வது ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். அனகாபுத்தூரில் நவம்பர் மாதம் ஒரே இரவில் அவ்வளவு பெய்து பார்த்திருக்கிறோம்.

இவ்வளவு தூரம் எதற்கு, தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காடு இருக்கிறதே, செம்மணல் மேடு மேடாகக் கிடக்கிறதே என்று வினவலாம். அங்கே மலை இல்லை. எந்தத் திசையில் நடந்தாலும் சீக்கிரமே ஓர் ஊர் வந்துவிடும், ஊர் வந்தால் யாராவது “சாப்பிட்டீங்களா தம்பி?” என்று கேட்டுவிடுவார்கள். தனிமை அன்றைக்கே கெட்டது.

பழைய பாலைக்குச் சிறுபொழுது நண்பகல். வண்டிப் பாலைக்கு விடியற்காலை மூன்று மணி. வீட்டு சிலிண்டரில் இருப்பதில் பெரும்பங்கு பியூட்டேன். பூச்சியம் டிகிரிக்குக் கீழே போனால் அது ஆவியாக மறுக்கும். அடுப்பு லேசாக நீலம் காட்டிவிட்டு அணையும். இந்த ஒரு விஷயத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கிப் போடாத வீட்டினர் தீர்க்கதரிசிகள். பெரும்பொழுது ஜூன் முதல் அக்டோபர் வரை. மற்ற மாதங்களில் மணாலி–லே சாலையில் பெரும்பாலும் பனி படுத்திருக்கும். பனிக்காலத்தில் சாதாரண டீசலும் உறைந்துபோகும் என்பதால், லடாக்குக்கென்றே குளிர்கால டீசலை 2019இல் இந்தியன் ஆயில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கருப்பொருளுக்கு வருவோம். முதன்மையானது குக்கர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 14,000 அடிக்கு மேலே உள்ள சார்ச்சுவில் அது சுமார் 86 டிகிரியிலேயே தளபுளவென்று கொதித்துவிடும். கொதிப்பு கண்ணுக்கு மட்டும்தான், அரிசிக்கு இல்லை. பொன்னி அரிசியைத் திறந்த பாத்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் தனிவண்டியார், கடைசியில் நடுவில் கல்லாக இருக்கும் சோற்றைப் புளிக்காய்ச்சலோடு விழுங்குவார். குக்கர் எடுத்துப் போனவர் சாப்பிடுவார். மறந்தவருக்கு மேகி. லடாக்கின் தேசிய உணவு மேகி என்று சிலர் திரும்பி வந்து சொல்வது இதனால்தான். அங்கே உள்ளவர்கள் வாற்கோதுமை மாவு சாப்பிடுகிறார்கள்.

தொழில்: பழைய பாலையில் ஆறலைத்தல், அதாவது வழிப்பறி. இப்போது சுங்கச்சாவடி. அம்பு எய்வதில்லை, ஃபாஸ்டேகிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். விலங்கு: கியாங் என்னும் காட்டுக் கழுதை. மரம் உண்டா என்றால், லே அருகே நெட்டிலிங்கத்தைப் போல நெடுநெடுவென்று பாப்ளர் உண்டு. மணாலி–லே சாலையிலுள்ள மோரே சமவெளியில் ஒன்றும் கிடையாது. பலகை: எல்லைச் சாலை அமைப்பு வைத்தது. கர்துங் லா கணவாயில் நெடுங்காலம் நின்ற பலகை 18,380 அடி என்றது. அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 17,580 அடி. போய்வந்தவர் எவரும் இரண்டாவது எண்ணைச் சொல்லக் கேட்டதில்லை.

தெய்வம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழம்பாலைக்குக் கொற்றவை. ஆனால் அந்தப் பாட்டுகளில் இன்னொன்றும் வரும்: கள்வர் அம்பால் செத்த வழிப்போக்கர் மேல் கற்களைக் குவித்து மூடிய பதுக்கை. மணாலி–லே சாலையில் சார்ச்சுவைத் தாண்டினால் காட்டா லூப்ஸ், 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு சின்னக் கற்குவியல், கோயில் மாதிரி. பழுதான லாரிக்குக் காவலாக விடப்பட்ட கிளீனர் ஒருவர் பனியில் சிக்கித் தண்ணீர் இல்லாமல் இறந்தார், போகிறவர்களிடம் தண்ணீர் கேட்கிறார் என்பது கதை. ஓட்டுநர்கள் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் சிகரெட்டும் வைக்கிறார்கள். அந்தக் குவியலைச் சுற்றிக் கிடக்கும் பாட்டில்கள் பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனாலும் அந்தச் சாலையில் பாலைத் திணையை ஒழுங்காகப் படித்தவர்கள் லாரிக்காரர்கள் மட்டுமே.

இனி உரிப்பொருள். நம்பியகப்பொருள் பிரிவை ஆறாக வகுக்கும்: பரத்தை, ஓதல், காவல், தூது, துணை, பொருள். ஆறும் இன்றும் உள. வரிசையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

பொருட்பிரிவை முதலில் முடித்துவிடலாம். வீடியோ போட்டுச் சம்பாதிக்கப் போகிறவர். கேமராவை மண்ணில் ஊன்றிவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு கண்மறைவாகப் போய், பிறகு திரும்பி வந்து கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடி போவார். எனவே சாலையின் அழகான பகுதிகளை மட்டும் மும்முறை கடப்பார். “இங்க நான் மட்டும்தான் இருக்கேன் மக்களே” என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்வார்.

தூதிற்பிரிவு: சிறுசேரிக்குப் போய்வந்து அலுத்த கணினிக்காரர், மடிக்கணினியோடு மலைக்குப் போவது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும் என்பதை இவர் மணாலியைத் தாண்டியபின் அறிகிறார். அதற்குள் மேலாளருக்குப் போக வேண்டிய தூது போகவில்லை.

ஓதற்பிரிவு அப்படி விரைந்து கடக்கத்தக்கதன்று; இந்தப் பகுதிக்கே உரிய பிரிவு அது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலியை நீட்டி அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை போன அந்தப் பெரும் நில அளவைக்குத் தொடக்கம் நம் பக்கத்து மலை. லாம்டன் இமயத்தைப் பார்க்கவில்லை. 1823இல் நாக்பூருக்குத் தெற்கே ஹிங்கன்காட்டில் இறந்தார். இன்றைய தனிவண்டியார் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் அதே ஹிங்கன்காட்டில் டீ குடிக்க நிற்கிறார். அங்கே கிடப்பவர் யார் என்று கேட்பதில்லை.

அடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், நிலவியல் ஆய்வாளர். இவரைத் தனிச்செலவினரின் குலமுதல்வர் எனலாம். கூடாரமும் குதிரையுமாகத் தென்னிந்தியா முழுக்கக் கல்லைப் பார்த்துக்கொண்டே அலைந்தவர். 1863 மே 30 அன்று, அனகாபுத்தூருக்கு அடுத்த பல்லாவரத்தில், சரளைக் குழி ஒன்றிலிருந்து பழங்கற்காலக் கைக்கோடரி ஒன்றை எடுத்தார். இந்தியாவின் வரலாற்றுக்கு முந்திய கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்குத் தாமஸ் ஹாலந்து 1893இல் சார்னகைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த இனம் என்பதால். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. இமயம் எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுதான் ஆகிறது. “மலைகளின் தொன்மையைத் தரிசிக்க” நம்மவர் போவது, திண்ணையில் இருக்கிற கொள்ளுத்தாத்தாவைத் தாண்டிப் போய்த் தொட்டில் குழந்தையிடம் ஆசி வாங்குவது போன்றது.

மூன்றாவது துணைவகை நட்சத்திரம் பார்க்கப் போவோர். சுமார் 14,800 அடியில் உள்ள ஹான்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 2022இல் அந்த வட்டாரம் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எல்லைப் பகுதி, அனுமதிச் சீட்டு வேண்டும். ஊரில் இரவில் வெளிவிளக்குக்குக் கட்டுப்பாடு உண்டு. இந்த நிறுவனத்தின் வேர் 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகம். அது கொடைக்கானலுக்கு ஏறி, பிறகு வாணியம்பாடிப் பக்கம் ஜவ்வாது மலையில் காவலூருக்கு வந்து, கடைசியில் ஹான்லே போனது. ஆகக் குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக வண்டியை விட்டு ஹான்லே நோக்கிப் போகிறவர் அந்த வானாய்வகத்தைப் பின்தொடர்ந்து போகிறார் என்று கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. அந்தத் தொலைநோக்கியை இயக்கும் விஞ்ஞானிகள் ஹான்லேயில் உட்கார்ந்திருப்பதில்லை. பெங்களூருக்கு அருகே ஹொசக்கோட்டையில் இருந்துகொண்டு செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். ஹொசக்கோட்டை சித்தூர், கோலார் வழியில் பெங்களூருக்குச் சற்று முன்னால் வரும். நம்மவர் பெரும்பாலும் அங்கே நிற்காமல் போய்விடுவார்.

காவற்பிரிவு: தாம்பரம் விமானப் படைத் தளமும் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியும் உள்ள வட்டாரம் இது. சீருடையைக் கழற்றிய பிறகு இங்கேயே மனை வாங்கிக் குடியேறியவர்கள் நிறைய. இளவயதில் ஏஎன்-32 விமானத்தின் வயிற்றில் சாமானோடு சாமானாக லேயில் இறங்கியவர், அறுபது வயதில் அதே இடத்துக்குத் தரைவழியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கிளம்புவார். தனிவண்டியாரில் உயர்ந்தவர் இவரே என்பது என் துணிபு. ஏனெனில் லேயில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் படுத்துக்கொள்வார். படையில் 9,000 அடிக்கு மேலே முதல் கட்டமாக ஆறு நாள் உடம்பைப் பழக்குவது விதி. அது எலும்பில் ஏறியிருக்கிறது. மற்றவர்கள் வந்த மறுநாளே பாங்காங் ஏரிக்கு ஓடுவார்கள். தலைவலி வரும், வாந்தி வரும், தூக்கம் போகும். அப்போதும் மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும், இறங்குவதுதான் மருந்து. தனியாக இருப்பவருக்கு இதில் ஒரு சங்கடம்: உளறுகிறோம் என்று சொல்ல ஆள் இருக்காது.

துணைவயிற் பிரிவு என்பது நட்பரசனுக்கு உதவப் போவது. வண்டிப் பாலையில் இதற்கு உரியவர்கள் வேனில் வருவதில்லை. நாமக்கல் லாரி ஓட்டுநர் கேபினிலேயே படுத்து, ஸ்டவ்விலேயே குழம்பு வைத்து, இந்த நாட்டின் நீள அகலத்தை அளக்கிறார். அவர் செய்வதைத்தான் நாம் காசு கொடுத்துச் செய்கிறோம். அவருக்கு அது பிழைப்பு என்பதால் அவரை யாரும் சாகசக்காரர் என்பதில்லை. சாலையைப் போடுவதும் சரிந்ததை அள்ளுவதும் பெரும்பாலும் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து வரும் கூலிக்காரர்கள். தார் அடுப்புப் பக்கத்தில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்பார்கள். ஓடையில் டயர் சிக்கிய தனிவண்டியாரை இழுத்துவிடுகிறவர் இந்த இரண்டு வகையினரில் ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பகுதி வீடியோவில் வராது. வந்தால் தலைப்பில் ‘தனியாக’ என்று போட முடியாதே.

எஞ்சியது பரத்தையிற் பிரிவு. இங்கே பரத்தை வேறு யாருமல்ல, அந்த வேன்தான். சம்பளத்தில் பாதி அதற்கு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கு. வீட்டில் மழை ஒழுகும் இடத்துக்கு வாளி வைத்திருப்பார். வேனின் கூரைக்கு மூன்று அடுக்கு சீலன்ட். பழம்பாட்டில் தலைவி வாயில் மறுப்பாள், தோழி தூது வருவாள், பாணன் பொய் சொல்வான். அனகாபுத்தூரில் மச்சான் வந்து பொய் சொல்கிறார்: “அக்கா, இது ஒரு இன்வெஸ்ட்மென்ட்.” தலைவியின் கூற்று பின்வருமாறு: “ஏங்க, கிச்சன்ல குழாய் மாத்தச் சொல்லி எத்தனை மாசமாச்சு? அதுக்கு மட்டும் ஸ்டீல் சிங்க்கா? அதுலயே போய் இருந்துக்கோங்க.” அவர் அதிலேயே போய் இருந்துகொள்கிறார். பிரிவு என்று பார்த்தால் பன்னிரண்டு அடி தூரம். ஆனால் திணை சுத்தமான பாலை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, “ஹீரோ யாருங்க, ஷூட்டிங்கா?” என்று கேட்பது இந்த வண்டிகளைத்தான்; கேரவன் என்றால் கோடம்பாக்கம் ஞாபகம்தானே வரும்.

ஆறும் முடிந்தன. ஆனால் எண்ணிக்கையில் இந்த ஆறையும் சேர்த்தாலும் மிஞ்சக்கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது: செலவழுங்கினோர். புறப்பட எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு, தலைவியின் முகத்தைப் பார்த்துப் போக்கைத் தள்ளிவைப்பதைச் செலவழுங்கல் என்பது பழைய வழக்கு. இவரிடம் 20 லிட்டர் தண்ணீர் கேன் உண்டு, இழுவைக் கயிறு உண்டு, ஆக்சிஜன் டப்பா உண்டு. மணாலி–லே சாலையின் டாண்டியில் பெட்ரோல் போட்டால் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று பலகை இருப்பது தெரியும். 2020இல் திறந்த அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர் என்பது தெரியும். வேலை, பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்பு, மாமியாரின் முழங்கால் அறுவைச் சிகிச்சை, முதலியவற்றால் கிளம்பவில்லை. இவரை இவ்வியலில் சேர்க்கலாமா என்று ஐயுறுவார்க்குத் தொல்காப்பியர் முன்னமே விடை தந்திருக்கிறார்: இடையில் அழுங்கி நிற்பது போகாமை ஆகாது, தலைவியை ஆற்றுவித்துவிட்டுப் போவதற்காக நிற்பதே அது. ஆகவே இவரும் தனிவண்டியாரே. ஐந்து ஆண்டாக ஆற்றுவித்துக்கொண்டிருந்தாலும்.

இவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். வேனை நீங்கள் நிறுத்தியிருப்பது ஆற்றங்கரைத் தெரு. 2015 டிசம்பரில் அடையாறு இந்தத் தெருக்களுக்குள் எவ்வளவு உயரம் வந்தது என்று பக்கத்து வீட்டுச் சுவரைக் கேளுங்கள். லடாக்குக்கு எப்போது வேண்டுமானாலும் போங்கள். அக்டோபர் பாதிக்குள் வண்டியை பம்மல் மேட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவைக்க மறக்க வேண்டாம்.